ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆய்வு: ஒரே நோயாளியின் மாதிரிகளை எத்தனை முறை எண்ணுவது?

நுண்ணுயிரியல் மாணவி:
வணக்கம். மருத்துவமனை நோயாளிகளின் சீழ், இரத்தம், மூக்கு ஸ்வாப் ஆகியவற்றிலிருந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அவற்றுள் மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்ப்பவை எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு வருகிறேன். ஒரே நோயாளியிடமிருந்து பலமுறை வந்தவற்றைத் தனித்தனியாக எண்ணலாமா? மேலும், பாக்டீரியா பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்த்து இதை அடையாளம் காணும் கோயாகுலேஸ் சோதனையில், சில குழாய்களில் நான்கு மணி நேரத்தில் உறைந்த பிளாஸ்மா மறுநாள் நீர்த்துவிடுகிறது. இதை எவ்வாறு பதிவு செய்வது?

ஆய்வக நுண்ணுயிரியலாளர்:
தனித்தனியாக எண்ணாதீர்கள். நோய் நீடிப்பவர்களிடமிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பார்கள்; மருந்துக்கு அடங்காத கிருமி உள்ளவர்களுக்கு நோய் நீடிக்கும் வாய்ப்பும் அதிகம். எனவே எல்லாவற்றையும் சேர்த்தால் எதிர்ப்பு விழுக்காடு உண்மையைவிட உயர்ந்தே தெரியும். ஆய்வுக் காலத்தில் ஒரு நோயாளியிடம் முதலில் கிடைத்ததை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள், ஆய்வகத் தரநிலைகளை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. மற்றவற்றை அழித்துவிடாமல், கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் பாதுகாத்து வையுங்கள். சிகிச்சையின் நடுவே எதிர்ப்புத் தன்மை மாறியதா என்பதை அவற்றைக் கொண்டுதான் அறிய முடியும்.

மூக்கு ஸ்வாபுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். மனிதர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் எந்த நோயும் இன்றி இந்தப் பாக்டீரியாவை மூக்கில் சுமக்கிறார்கள். அவர்களைச் சீழ், இரத்த மாதிரிகளோடு கலந்தால், கிடைக்கும் எண் நோய்த்தொற்றையும் காட்டாது, வெறும் சுமத்தலையும் காட்டாது.

நான்கு மணி நேரத்தில் உறைந்தது பாசிட்டிவ்தான். சில வகைகள் சுரக்கும் ஸ்டாஃபிலோகைனேஸ் என்ற நொதி அந்த உறைவைப் பின்னர் கரைத்துவிடும் என்பதால், மறுநாள் மட்டும் பார்ப்பவர்கள் தவறாக நெகட்டிவ் என்று எழுதிவிடுகிறார்கள்.

மற்றொரு உறுப்பினர்:
மெதிசிலின் எதிர்ப்பை 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் மருந்து ஊறிய காகித வட்டைக் கொண்டு பாருங்கள். வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தடை வளையத்தின் விட்டம் 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ எனில் எதிர்ப்பு உண்டு. இந்த எதிர்ப்பைத் தரும் மெக்ஏ மரபணுவின் வெளிப்பாட்டை செஃபாக்சிடின், ஆக்சசிலின் மருந்தைவிட நன்றாகத் தூண்டுகிறது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மட்டும் வட்டு முறையை நம்பாதீர்கள். அதற்குக் குறைந்தபட்சத் தடைச் செறிவையே, அதாவது வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவையே, அளக்க வேண்டும்.

நுண்ணுயிரியல் மாணவி:
மிக்க நன்றி. ஒரே நோயாளியின் மூக்கிலும் இரத்தத்திலும் இது கிடைத்து, இரண்டின் மருந்து எதிர்ப்பும் ஒன்றாகவே இருந்தால், மூக்கிலிருந்ததே இரத்தத்தில் கலந்தது என்று எழுதலாமா?

ஆய்வக நுண்ணுயிரியலாளர்:
அதை மட்டும் வைத்து எழுத இயலாது. தொடர்பே இல்லாத இரு வகைகளுக்கும் ஒரே எதிர்ப்பு அமைப்பு இருக்கக்கூடும். புரோட்டீன் ஏ மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் பகுதியை வரிசைப்படுத்தும் ஸ்பா வகைப்பாட்டைச் செய்யுங்கள். இரண்டும் வேறுபட்டால் அந்த முடிவை எழுத முடியாது. ஒத்துப்போனால், முழு மரபணுத்தொகுதி வரிசைமுறையையும் பார்த்த பிறகு எழுதுவது நல்லது.