வீடு தர மறுக்கிறார்கள்: நிறமா, சம்பளமா?

புதுவரவு:
வணக்கம். இங்கிலாந்து வந்து ஏழு வாரம். மூன்றாவதாகப் பார்த்த வீட்டுக்காரர் போனில் நன்றாகப் பேசி, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். வாசலில் எங்களைப் பார்த்ததும் கதவுச் சங்கிலியைக் கூடக் கழற்றவில்லை. இடுக்கு வழியாகவே என்ன வேலை என்று கேட்டார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை என்றேன். வீடு போய்விட்டது என்றார். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போதுள்ள அறையை மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும், கைக்குழந்தை வேறு. ஏதாவது செய்ய முடியுமா?

பழைய ஆள்:
தம்பி, கிரெடிட் ஸ்கோர் பார்த்தீர்களா? நான் 2003இல் வந்தபோது ஓர் அறையில் எட்டுப் பேர். இரவெல்லாம் பெட்ரோல் ஷெட், விடிந்ததும் இன்னொருவர் எழுந்த சூட்டோடு அதே பாயில் படுப்பேன். கணக்காளர் ஆனபிறகு, முன்பு மறுத்த அதே தெருவிலேயே வீடு கிடைத்தது. தோல் அதேதான், சம்பளச் சீட்டுதான் வேறு. எல்லாம் பணம்.

டாக்டர் அக்கா:
அண்ணா, ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் தொங்கும்வரை நான் டாக்டர். அதைப் பைக்குள் வைத்துவிட்டு வீடு பார்க்கப் போனால், சுத்தம் செய்ய வந்தீர்களா என்று கேட்டார் ஏஜென்ட். நம்மைப் பார்த்ததுமே கையில் காசிருக்காது என்று முடிவு கட்டுகிறார்கள். சீட்டைக் காட்டி நான் தப்பித்தேன், தம்பி எதைக் காட்டுவார்? அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வில், ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களில் வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் இருந்தவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்பு. வேலையைத் தடுத்துவிட்டுப் பிறகு சம்பளம் போதாது என்றால் என்ன நியாயம்?

நிலா:
வெள்ளைக்காரரை விடுங்கள். நம் தமிழ் வீட்டுக்காரரே எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கிறார். பராமரிப்பு வேலைக்கான கேர் விசா என்றால் குரலே மாறிவிடுகிறது.

பழைய ஆள்:
அது உண்மை. என்னை முதலில் வெளியே போகச் சொன்னவரும் நம்மவர்தான். இன்னும் வலிக்கிறது.

சட்ட உதவித் தன்னார்வலர்:
சரி, தம்பிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 2010 சமத்துவச் சட்டம் நிறம், தேசியம், இனப் பூர்வீகம் மூன்றின் பேரிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஏழ்மை, வர்க்கம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் வேலையைக் காரணம் காட்டுவது மறுப்பவருக்கு வசதி. ஆனால் இனம் ஒரே காரணமாக இருக்கவேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும். விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர் சொன்னதை இன்றே எழுதிவையுங்கள். வீடு காலியா என்று வேறொருவரைப் போனில் கேட்கச் சொல்லுங்கள். கவுன்ட்டி நீதிமன்றம் போவதென்றால் அவர் மறுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதுதான் கெடு. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பில் இலவசமாக வழிகாட்டுவார்கள்.

அப்புறம் அடுத்த வீட்டுக்கு: வாடகைக்கு இருக்கும் உரிமையை இணையத்தில் காட்டும் ஷேர் கோடு, இதுவரை வந்த சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். வீட்டைப் பிடித்துவைக்கக் கட்டும் முன்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டக்கூடாது. நீங்கள் சொல்லாத ஒன்று: காலி செய்யச் சொன்னது எழுத்தில் வந்ததா? உரிமையாளர் அதே வீட்டில் இருக்கிறாரா? உங்கள் உரிமை அதைப் பொறுத்தது.

புதுவரவு:
மாடியில்தான் இருக்கிறார். வாயால்தான் சொன்னார். விளம்பரத்தை இப்போதே எடுத்துவைத்துவிட்டேன். திங்கள் காலை சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போகிறேன்.