புதுப்பிப்பு: 58 வயதில் குதிரைப் போட்டி, போய்விட்டு வந்தாயிற்று

இந்த வயதில் போட்டியில் இறங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இறங்கிவிட்டேன்.

தொடக்கநிலை ட்ரெசாஜ், அதாவது குறித்த அசைவுகளைக் குதிரை எவ்வளவு துல்லியமாகச் செய்கிறது என்று மதிப்பெண் போடும் போட்டி. 20க்கு 40 மீட்டர் களம். களத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் 'ஏ' எழுத்தருகே நுழைந்து, நடுவில் 'எக்ஸ்' புள்ளியில் நிறுத்தி வணங்க வேண்டும். களத்தில் எக்ஸ் என்று எதுவும் எழுதியிருக்காது, மனக்கணக்குதான். நான் ஓர் எட்டு தள்ளி நிறுத்தினேன். குதிரையின் பின்கால் ஒன்று தனியாகப் பின்தங்கி நின்றது. பத்துக்கு 5. ஆனால் 20 மீட்டர் வட்டத்துக்கு 7! மொத்தம் 61 சதவீதம், பரிசு ரிப்பன் கிடையாது. "கீழே பார்க்காதீர்கள்" என்று நடுவர் எழுதியிருந்தார். ஆறு மாதமாகப் பயிற்சியாளர் கத்துவதும் அதேதான்.

வயதைச் சொல்லிப் பயமுறுத்தியவர்களுக்கு: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே ட்ரெசாஜில் இறங்கியபோது ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சுவுக்கு வயது 71. நான் சின்னப் பிள்ளை.

திரும்பி வந்ததுதான் பெரும்பாடு. டிரெய்லரில் ஏற மாட்டேன் என்று குதிரை முக்கால் மணி நேரம் அடம் பிடித்தது. லாயத்தில் இறக்கியதும் முதல் வேலையாக மண்ணில் உருண்டு, விடியற்காலையில் நான் பின்னிவிட்ட பிடரியை முழுக்கப் பாழாக்கியது. அப்புறம் என் முகத்தில் ஒரு தும்மல்.

இரண்டு நாள் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்கினேன். சரி, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று.