மை இல்லாமலே இறகு தெரிகிறது, எப்படி?

தூறல்:
லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் ஒன்றைப் பார்த்தேன். சின்னச் சதுரத் தாள். அதில் ஒரு கொக்கு, பக்கத்தில் நீள நீளமாகக் கையெழுத்து. கொக்கின் உடம்பில் மையே இல்லை. ஆனாலும் குனிந்து பார்த்தால் இறகு இறகாகத் தெரிகிறது. எப்படி? அந்த எழுத்து ஹைக்கூவா?

உளிச்சத்தம்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சுரிமோனோ என்ற வகை அச்சுப் படமாக இருக்கும். அப்படியானால் கவிதை பெரும்பாலும் ஹைக்கூ இல்லை, கியோக்கா. 5-7-5-7-7 என்று 31 ஒலி. சிலேடையும் கேலியும் நிறைய இருக்கும். எடோவில் (இன்றைய டோக்கியோ) கியோக்கா எழுதுகிறவர்கள் குழுவாகக் காசு போட்டு, புத்தாண்டுக்குத் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ள அச்சடித்தவை இவை. கடைச் சரக்கு இல்லை. அதனால் கெட்டித் தாள், உலோகப் பொடி என்று செலவு பார்க்காமல் செய்திருப்பார்கள்.

மையில்லாமல் இறகு தெரியவைக்கும் அந்த முறைக்குப் பெயர் கராஸுரி. செதுக்கிய கட்டையில் மை தடவாமல், ஈரத் தாளை வைத்து அழுத்தித் தேய்ப்பது. வீட்டில் ஓர் இலையைச் செதுக்கி நானும் செய்து பார்த்திருக்கிறேன். முதல் தாள் ஈரம் அதிகமாகிக் கிழிந்தது. மூன்றாவதில் நரம்பு எழும்பி வந்தது. விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

தூறல்:
அப்போ அந்த எழுத்தும் செதுக்கியதா? தூரிகையில் எழுதியது போலவே இருந்ததே!

உளிச்சத்தம்:
செதுக்கியதுதான். மெல்லிய தாளில் எழுதி, அதைக் குப்புறக் கட்டையில் ஒட்டுவார்கள். எழுத்து இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்தின் கோடுகளை மட்டும் நிற்க வைத்து, இரண்டு பக்கமும் மரத்தை எடுக்க வேண்டும். எழுதிய தாள் உளியோடு போய்விடும். தூரிகை காய்ந்து பிசிறிய இடம்கூட அப்படியே வரும். அந்தச் செதுக்கர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

நீலமை:
பல வண்ண அச்சு வளர்ந்ததே கவிஞர்களால்தான். 1765-இல் எடோவின் கவிதைக் குழுக்கள் பட நாட்காட்டிகளைப் பரிமாறிக்கொண்டன. எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 29 என்பதை உடையின் பூவேலைக்குள் ஒளித்து வைப்பார்கள். அவற்றில் பலவற்றை வரைந்தவர் சுசுகி ஹருநோபு. ஹைக்கூவும் படமும் சேர்ந்து வேண்டுமென்றால், கவிஞரும் ஓவியருமான பூசோனைப் பாருங்கள். ஆனால் அது தூரிகை ஓவியம்.

தூறல்:
சனிக்கிழமை மறுபடி போகிறேன். இந்தத் தடவை பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்ந்து விழும்படி பார்க்கப் போகிறேன்.