“அம்மா, இது சாகலையே”: வீட்டில் வேதபாடம் நடத்தும்போது பிள்ளை கேட்டு, இன்றும் உறுத்துகிற ஒரு கேள்வி

கடுகுமணி:
யோவான் 12:24 நடத்திக்கொண்டிருந்தேன், கோதுமைமணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் மிகுந்த பலன் கொடுக்கும் என்று இயேசு சொன்ன வசனம். கோதுமைமணி கைவசம் இல்லை, பீன்ஸ் விதைதான். நாம் எல்லாரும் செய்வதுதானே, கண்ணாடி டம்ளர், ஈரப் பஞ்சு, நான்கு விதை. மகளுக்கு ஐந்து வயது. வசனம் மனப்பாடம், “நிலத்தில் விழுந்து சாகாவிட்டால்” என்று வரும்போது கண்ணை மூடித் தலையைச் சாய்ப்பாள், நான் சொல்லிக்கொடுத்த ஆக்‌ஷன். நான்காம் நாள் ஒரு விதையை எடுத்து நகத்தால் தோலை உரித்துவிட்டாள். இரண்டு பருப்பாகப் பிரிந்தது. ஒரு பருப்பின் ஓரத்தில் கொசு இறக்கை அளவுக்கு இரண்டு இலை, நரம்புகூடத் தெரிகிறது. அதையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அம்மா, இது சாகலையே, உள்ள குட்டி இருக்கே, ஏன் இயேசப்பா செத்துச்சுன்னு சொன்னார்?” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வேதத்தில் இருக்கிறதைக் கேள்வி கேட்கக் கூடாது.” அவ்வளவுதான். அவள் இரண்டு பருப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பஞ்சுக்குள் வைத்து, மேலேயும் பஞ்சு போட்டு மூடி, டம்ளரை அலமாரியின் அடித்தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஒரு வாரம் ஆகிறது. வேதபாட நேரத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை, சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்கிறாள். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

இரட்டையர் அப்பா:
நடந்திருக்கிறது சிஸ்டர். எங்களுக்கு நோவாவின் பேழை, உலகத்தையே மூடிய வெள்ளத்தில் தன் குடும்பமும் விலங்குகளும் தப்பிக்க அவர் கட்டியது. ஆதியாகமம் 6:15-இல் 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். முழம் என்றால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை, அதைப் பிள்ளைகள் கையாலேயே அளக்கட்டும் என்று கயிறு எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். ஒருவன் என் முழத்தில் அளந்தான், 45 செ.மீ., மொத்தம் 135 மீட்டர். இன்னொருவன் தன் முழத்தில்தான் அளப்பேன் என்று அடம், 30 செ.மீ., 90 மீட்டரோடு அவன் பேழை முடிந்துவிட்டது. இரண்டு பேரும் 45 மீட்டர் தள்ளித் தள்ளி நின்றுகொண்டு, என் பேழைதான் சரி என்று கத்துகிறார்கள். அளவுகோல் எதற்கு என்ற கணக்குப் பாடம் அங்கேயே முடிந்தது, எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் ஆதியாகமம் 7:16 வாசித்தேன், கர்த்தர் கதவை அடைத்தார் என்ற இடம். சின்ன முழக்காரன் கயிற்றுக்கு வெளியே நின்றவன் நின்றபடியே கேட்டான்: “அப்பா, வெளியே இருந்து யாராவது தட்டியிருப்பாங்களா?” நான் “வா, உயரம் அளக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அவன் உள்ளே வரவில்லை. கயிற்றைச் சுருட்டும்வரை வெளியேதான் நின்றான். ஆறு மாதமாகிறது, அந்த வசனத்தைத் திரும்ப எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

சமையலறை வகுப்பு:
கடுகுமணி சிஸ்டர், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐந்து வயதுக்கு யோவான் 12 கொடுத்ததே சரியில்லை என்று நினைக்கிறேன். அது ஆண்டவர் தம் மரணத்தைப் பற்றிச் சொன்னது. அந்த வயதில் சாவு என்றால் சாவுதான், உவமை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் மத்தேயு 13:33 மட்டும் எடுத்தேன், பரலோகராஜ்யம் புளித்தமாவுக்கு ஒப்பாயிருக்கிறது என்ற உவமை. ஈஸ்ட் போட்ட மாவும் போடாத மாவும் இரண்டு கிண்ணத்தில் வைத்தோம், ஒன்று பொங்கியது, பையன் காதை வைத்துக் கேட்டு “மூச்சு விடுது” என்றான், அத்தோடு விட்டேன்.

நான் சொல்ல வருவது, விளக்கம் கொடுப்பதைக் குறையுங்கள். சோஃபியா கவல்லெட்டியும் ஜானா கொப்பியும் 1954-இல் ரோமில் தொடங்கிய நல்ல மேய்ப்பன் மறைக்கல்வி முறை இருக்கிறதே, மாண்டிசோரி வழியில் வந்தது, அதில் மரத்தில் செய்த ஆடு, மேய்ப்பன், தொழுவம் எல்லாம் பிள்ளை கையில் இருக்கும், உவமைக்குப் பெரியவர்கள் அர்த்தம் சொல்லி முடித்துவைக்க மாட்டார்கள். ஆங்கிலேயக் கல்வியாளர் ஷார்லட் மேசனும் முறையான பாடம் 6 வயதுக்குப் பிறகுதான் என்றார், அதுவும் ஒரு பாடம் 15, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று. ஆக்‌ஷன் சொல்லிக்கொடுப்பதையும் நிறுத்துங்கள். தலையைச் சாய்த்துச் சாவதாக நடித்த பிள்ளை நிஜமாகவே செத்த விதையைத்தான் தேடும். பஞ்சும் வேண்டாம், மண்ணில் போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே உவமை. கேள்வி வந்தால் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. மனப்பாட வசனத்துக்கு ஸ்டிக்கர் கொடுக்காதீர்கள், நான் இரண்டு வருடம் கொடுத்துக் கெடுத்தேன்.

பஞ்சும் விதையும்:
மேலே சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு இல்லை. வசனத்தின் மேல் என்ன பழி? அந்தப் பிள்ளை பார்த்தது உண்மை, விதைக்குள் கரு உயிரோடுதான் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால் போதும். பீன்ஸில் அந்த இரண்டு பருப்பும் தண்டோடு மேலே வரும், செடி அதிலிருக்கும் சத்தை எடுக்க எடுக்க சுருங்கி, தோல்போல ஆகி, உதிர்ந்துவிடும். விதை என்ற பொருளே அங்கே இருக்காது. “நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே” என்று 1 கொரிந்தியர் 15:36-இல் பவுல் சொல்வதும் இதைப் பார்த்தவர் சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது. என் மகள் உதிர்ந்த பருப்பைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தாள். ஒருநாள் திறந்துகாட்டி, “இதுக்கு வலிச்சிருக்குமா?” என்றாள். தெரியாது என்றேன். அன்றைக்கு அவள் ஜெபத்தில் அந்தப் பருப்பும் இருந்தது.

இரட்டையர் அப்பா, உங்கள் பையன் கேட்டதுதான் அந்த அதிகாரத்திலேயே பெரிய கேள்வி. அவனிடம் திரும்பப் போங்கள்.

சமையலறை வகுப்பு:
பொறுத்திருக்கச் சொல்வது சரி, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை மூன்று வாரம் அதே கேள்வியை வைத்துக்கொண்டிருக்குமா? கடுகுமணி, அந்த டம்ளர் என்ன ஆனது? அதைச் சொல்லவே இல்லையே.

கடுகுமணி:
இதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் அலமாரியைத் திறந்தேன், அவளையும் கூட்டிக்கொண்டு. மற்ற மூன்றும் இருட்டில் வெளிறி, மஞ்சளாக, நூல்போல நீண்டு, பஞ்சைத் தலையில் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் வளைந்திருக்கின்றன. அவள் உரித்ததில் ஒரு பருப்பு அழுகிவிட்டது. இலை ஒட்டியிருந்த பருப்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு முளை வந்திருக்கிறது. “அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலை, அதான் அப்படிச் சொல்லிட்டேன்” என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அழுகிய பருப்பை எடுத்து மோந்து பார்த்தாள், என்னிடமும் நீட்டினாள், நானும் மோந்து பார்த்தேன். டம்ளரை இப்போது ஜன்னலோரம் வைத்திருக்கிறோம்.