சோற்றுக்குக் கணக்கு வைத்தேன், பாட்டிலுக்கு வைக்கவில்லை

சென்னையில் வாடகை கார் ஓட்டுகிறேன். வயது 44. போன சித்திரையில் ராத்திரி நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா லேபுக்கு இழுத்துக்கொண்டு போனார். சுகர் வெறும் வயிற்றில் 168, மூன்று மாத சராசரி (HbA1c) 8.1, ரத்தத்தில் இருக்கும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 412. அந்தக் கடைசி எண் 150-க்குள் இருக்க வேண்டுமாம்.

டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். ஒரு வேளைதான் சோறு, ராத்திரி சப்பாத்தி, எண்ணெய்ப் பலகாரம் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். "சரி, குடிக்கிறது?" என்றார். "அந்தப் பழக்கமே கிடையாது சார்." சிரித்துவிட்டார். "அதைக் கேக்கல. தாகத்துக்கு என்ன குடிப்பீங்க?"

அங்கேதான் மாட்டினேன். மதியம் ஒரு பெரிய கூல்டிரிங்க்ஸ், சாயங்காலம் பாட்டில் மாம்பழ ஜூஸ், நடுவில் நாலு டீ. பாட்டிலைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். 100 மி.லி.க்கு 10.6 கிராம் சர்க்கரை. 600 மி.லி. பாட்டிலில் 63 கிராமுக்கு மேல், ஏறக்குறைய பன்னிரண்டு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தட்டில் கொட்டிக் கொடுத்திருந்தால் தின்றிருப்பேனா?

மென்று தின்பது வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கும். இது அப்படியில்லை, மளமளவென்று ரத்தத்தில் ஏறிவிடும் என்றார். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது ஈரலுக்குப் போகிறது, மிஞ்சினால் கொழுப்பாக மாறுகிறது. எண்ணெயைத் தொடாமலே கொழுப்பு ஏறியதில் அதற்கும் பங்கு உண்டாம். வயிறும் நிறையாததால் சாப்பாடு குறைவதில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

*

ஆகியிருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் அது மருந்து வேஷத்தில் வந்தது. அம்மாவுக்கு 67 வயது, சுகர் இருபது வருஷமாக. வயிற்றுப்போக்கு என்று ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) வாங்கப் போனேன். மருந்துக்கடையில் ஆரஞ்சு சுவை டப்பாவைக் கொடுத்தார்கள். மூன்று டப்பா உள்ளே போன பிறகு சுகர் 380. அப்புறம்தான் படித்தேன்: 100 மி.லி.க்கு 11 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான்! சர்க்கரை இவ்வளவு கூடினால் வயிற்றுப்போக்கும் அதிகமாகலாம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் போராடியதில், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல வேலை செய்தார், புண்ணியவதி.

*

நான் சீனியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கருப்பட்டிக் காபிதான், நாளைக்கு நாலு. சராசரி 7.4-ஐ விட்டு இறங்கவே இல்லை. கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான் என்று டயட்டீஷியன் சொன்னபோது கோபம்தான் வந்தது. ஊரில் இருந்து கிலோக் கணக்கில் வரவழைத்திருந்தேன்.

*

அப்பாவுக்கு 2022-இல் ஸ்டென்ட் வைத்தோம். அதுவரை இதயம் என்றால் எண்ணெய், முட்டை மஞ்சள்கரு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடையில் உட்கார்ந்தபடி அவர் தினம் இரண்டு ரோஸ்மில்க் குடித்ததை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அதனால்தான் அடைப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன், பீடியும் இருந்தது. ஆனால் அமெரிக்கச் செவிலியர்கள் ஏறக்குறைய 88,000 பேரை 24 வருஷம் கவனித்த ஆய்வு 2009-இல் வந்தது. தினம் இரண்டோ அதற்கு மேலோ இனிப்புப் பானம் குடித்தவர்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட இதய நோய் ஆபத்து 35 சதவீதம் கூடுதலாக இருந்ததாம்.

*

என் தாத்தா தினமும் நன்னாரி சர்பத் குடித்து 91 வயது வரை இருந்தார். (ஏர் உழுதவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள்.)

*

இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். போன மாதம் பஸ்ஸில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுகர் 58-க்கு இறங்கியபோது என்னைக் காப்பாற்றியது பையில் இருந்த சின்ன ஜூஸ் டப்பாதான். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. வேகமாக ஏறும் என்பதே அந்த நேரத்தில் உதவி. டயட் கூல்டிரிங்க்ஸ் இதற்கு உதவாது.

*

முதலில் எழுதியவன்தான். நாலு மாதம் கழித்துப் பார்த்ததில் சராசரி 6.7, ட்ரைகிளிசரைடு 188. மாத்திரையும் போடுகிறேன், அதனால் முழுப் பெருமையும் பாட்டிலை விட்டதற்குப் போகாது. இப்போது வண்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர், கிடைத்தால் மோர். டீக்கடையில் "வித்தவுட்" என்று சொல்லத்தான் முதல் வாரம் கூச்சமாக இருந்தது. போன வாரம் நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டரே, "அண்ணனுக்கு வித்தவுட்" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் "நமக்கும்" என்றார்கள்.