மேலுக்குத் தடவுறதுதானே?

ஆரணிக்காரன்

அப்பாவுக்கு வயசு 71. போன வருஷம் ஆடி மாசம் வலப்பக்க விலாவுல பட்டையா கொப்புளம் கிளம்புச்சு. பார்த்ததுமே அம்மா, "அக்கிடா இது"ன்னு சொல்லி பக்கத்து ஊர் குயவர் வீட்டுக்கு அழைச்சுட்டுப் போயிட்டாங்க. அவர் செங்காவி குழைச்சு, கொப்புளத்து மேல எழுதிவிட்டார். அதைக் கேலி பண்ண வரலை, நானும் சின்ன வயசுல எழுதிக்கிட்டவன்தான். ஆனா அக்கிக்கான வைரஸ் மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன். நாங்க டாக்டரைப் பார்த்தது ஆறாம் நாள்.

கொப்புளம் காய்ஞ்சு உதிர்ந்துச்சு. எரிச்சல் மட்டும் போகலை. மூணு மாசம் கழிச்சும் சட்டை உரசினா துடிச்சுப்போவார். ஃபேன் காத்து பட்டாலே முகம் சுளிப்பார். மார்கழிக் குளிர்லயும் வெத்து உடம்போட திண்ணையில உக்காந்திருப்பார். சின்னம்மை போட்டப்போ உள்ளே போன வைரஸ் நரம்போட வேர்ல ஒளிஞ்சிருந்து, வயசான காலத்துல கிளம்பி அந்த நரம்பையே கெடுத்துட்டுப் போகுதுன்னு டாக்டர் சொன்னார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை, கூடவே தோலை மரத்துப்போக வைக்கிற லிக்னோகைன் 5% களிம்பு. "புண் ஆறின தோல்ல மட்டும், மெல்லிசா"ன்னு ரெண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினார்.

முதல் நாள் தடவி அரை மணி நேரம் இருக்கும். அப்பா தானே எழுந்து கொடியில கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு டீக்கடைக்குக் கிளம்பிட்டார். அம்மா வாசல்ல நின்னு அவர் தெருமுனை திரும்புற வரைக்கும் பார்த்துட்டு இருந்தாங்க.

தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது. கொஞ்சம் போட்டா இவ்வளவு சுகம்னா, நிறைய போட்டா? ஒரு சாயங்காலம் வலி ரொம்ப அதிகம். 30 கிராம் ட்யூப்ல முக்கால்வாசியை விலா, முதுகுன்னு நானே அப்பிவிட்டேன். சட்டையில ஒட்டக்கூடாதுன்னு மேல பிளாஸ்டிக் தாளைச் சுத்தினேன். அதுவும் போதாதுன்னு வெந்நீர்ப் பையை வச்சு ஒத்தடம் வேற. மேலுக்குத் தடவுறதுதானே, என்ன ஆகிடும்னு நினைப்பு.

ஒரு மணி நேரம் கழிச்சு, "நாக்கு தடிச்சாப்ல இருக்குடா, இரும்பைக் கவ்வின மாதிரி ஒரு ருசி"ன்னார். களிம்புக் கையை வாயில வச்சிருப்பார்னு நினைச்சேன். அப்புறம், "காதுல வண்டு ரீங்காரம் போடுது"ன்னார். காப்பி டம்ளரை வாங்கின கை ஆடுச்சு, காப்பி வேட்டியில கொட்டுச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. தாளைப் பிரிச்சு, ஈரத்துணியால துடைச்சு, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தாங்க, விடியற வரைக்கும் மானிட்டர்ல வச்சிருந்தாங்க. வலிப்பு வரைக்கும் போயிருக்கும், நல்லவேளை சீக்கிரம் துடைச்சீங்கன்னாங்க. இதே மருந்தைத்தான் இதயத்துடிப்பு தாறுமாறா போறவங்களுக்கு நரம்பு வழியா ஏத்துறாங்களாம். அதைக் கேட்டப்புறம்தான் ஈசிஜி ஏன்னு எனக்குப் புரிஞ்சுது.

இது மாதிரி யாருக்காவது ஆகியிருந்தா எழுதுங்க.

மருந்துக்கடை அண்ணாச்சி

22 வருஷமா கவுண்டர்ல நிக்கிறேன் தம்பி. உங்க கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5% என்றால் ஒரு கிராம் களிம்பில் 50 மில்லிகிராம் மருந்து. 30 கிராம் ட்யூபில் முக்கால்வாசி என்றால் 22 கிராமுக்கு மேல், மருந்து 1,100 மில்லிகிராமைத் தாண்டும். பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு 5 கிராம்தான் எல்லை, அதாவது 250 மில்லிகிராம். நாள் முழுக்கச் சேர்த்து 20 கிராமைத் தாண்டக்கூடாது. தராசு வேண்டாம், பிள்ளைகளின் ஸ்கேலை எடுங்கள்: ட்யூபிலிருந்து 6 அங்குல நீளம் பிதுக்கினால் ஏறக்குறைய 5 கிராம். அதுவும் உச்சவரம்புதான், அவ்வளவு போட்டாக வேண்டும் என்று அர்த்தமில்லை.

நீங்கள் பிளாஸ்டிக் சுற்றியதும் சூடு வைத்ததும் மருந்தை உள்ளே தள்ளிவிட்டன. சூட்டில் தோலடி ரத்தக்குழாய் விரியும், மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறும். சிராய்ப்பு, வெடிப்பு இருக்கிற தோலிலும் அப்படித்தான். உள்ளே போனதைக் கழிப்பது ஈரல். ஈரல் கோளாறு உள்ளவர்கள், இதயத்துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இன்னொரு தலைவலி. "மரத்துப்போற மருந்து குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது மூட்டுவலித் தைலம். மெந்தால் குளுகுளுவென்று இருக்கும், மரக்கச் செய்யாது. டைக்ளோஃபினாக் ஜெல் வீக்கத்துக்கானது. மூன்றும் ஒரே தட்டில் இருப்பதால் ஒன்றாகிவிடாது. இடுப்புப் பிடிப்புக்கு லிக்னோகைன் கேட்டு என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

இரட்டைவால்

வாய்ப்புண்ணுக்கு மரத்துப்போற ஜெல் தடவின கையோட சுடச்சுட ரசஞ்சோறு சாப்பிட்டேன். கன்னத்தை உள்பக்கமா கடிச்சது தெரியவேயில்லை. தட்டுல ரத்தம் பார்த்துதான் தெரிஞ்சுது. ஒரு புண்ணுக்குப் போட்டு மூணு புண் ஆச்சு. வாய், தொண்டை மரத்திருந்தா ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு பல் டாக்டர் திட்டினார். புரை ஏறினாக்கூடத் தெரியாதாம்.

குட்டிம்மா அம்மா

பாப்பாவுக்கு எட்டு மாசம், பல் முளைக்கிற நேரம். ராத்திரி பூரா சிணுங்கல். அத்தை யாரோ சொன்னாங்கன்னு ஈறுல தடவுற ஜெல் வாங்கி வச்சிருந்தாங்க. பெரியவங்க ஆசையா வாங்கினது, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தடுப்பூசிக்குப் போனப்போ கைப்பையில எடுத்துட்டுப் போய் குழந்தை டாக்டர்கிட்ட நீட்டினேன். அவர் அத்தையைப் பார்த்து, "அம்மா, குழந்தை எச்சிலோட இதை முழுங்கிடும்"னு ஆரம்பிச்சார். பல் முளைக்கிற குழந்தைங்களுக்கு லிக்னோகைன் திரவம் கொடுக்கவே கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-லயே கடுமையா எச்சரிச்சிருக்காம். வலிப்பு வந்திருக்கு, உயிரே போயிருக்கு. பென்சோகைன்னு இன்னொரு மரத்துப்போற மருந்து இருக்கிற ஜெல்லை ரெண்டு வயசுக்குள்ள வைக்கவே வேண்டாம்னு 2018-ல சொல்லியிருக்காங்க. அது ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்கிற வேலையையே கெடுத்து, உதடும் நகமும் நீலம் பாரிச்சுடுமாம்.

இப்ப மல் துணியை நனைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சு (ஃப்ரீசர்ல இல்ல) கடிக்கக் கொடுக்கிறோம். ஜெல்லைக் குப்பையில போட்டது அத்தையேதான்.

பெயர் வேண்டாம்

கால் முடிக்கு லேசர் பண்ணலாம்னு ஒரு இடத்துக்குப் போனேன். ஊர், பேர் வேண்டாம். மரத்துப்போற க்ரீம்னு, பேர் ஒட்டாத ஒரு வெள்ளை டப்பாவை நீட்டி, "வீட்லயே ரெண்டு கால்லயும் தடவி, பிளாஸ்டிக் சுத்திட்டு வந்துடுங்க மேடம்"னு சொன்னாங்க. எத்தனை சதவீதம்னு கேட்டேன். "நம்பர் ஒன் க்ரீம் மேடம்"னு பதில்! அமெரிக்காவுல இதே மாதிரி கால் முழுக்கப் பூசிச் சுத்திக்கிட்ட 22, 25 வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேர் வலிப்பு வந்து, கோமாவுக்குப் போய் இறந்ததை அங்கத்த அரசு 2007-ல எச்சரிக்கையா வெளியிட்டிருக்கு. அதை முன்னாடியே படிச்சிருந்ததால டப்பாவை மேசையிலயே வச்சுட்டு வந்துட்டேன். முன்பணம் திரும்ப வரலை.

ஆரணிக்காரன்

அண்ணாச்சி, நேத்து ஸ்கேல் வச்சு அளந்து பார்த்தேன். நான் அன்னிக்குப் போட்டது ரெண்டடிக்கு மேல வரும்.

இப்ப டாக்டர் களிம்பை நிறுத்திட்டு லிக்னோகைன் 5% ஒட்டுப் பட்டை கொடுத்திருக்கார். 12 மணி நேரம் ஒட்டலாம், அடுத்த 12 மணி நேரம் தோல் சும்மா இருக்கணும். மேல சூடு கூடாது. வலிக்கிற இடத்துக்குத் தக்கபடி பின்தாளை உரிக்கிறதுக்கு முன்னாடி கத்தரிச்சுக்கலாம். ஒரு பட்டையில 700 மில்லிகிராம் மருந்து, கழட்டும்போதும் அதுல 665-க்குக் குறையாம மிச்சம் இருக்குமாம். அதனால ஒட்டுற பக்கம் உள்ளே போற மாதிரி மடிச்சு, மூடி போட்ட டப்பாவுல போடுறோம். வீட்ல தவழுற பேரன் இருக்கான்.

காலையில எட்டு மணிக்கு ஒட்டினதும் பால்பாயிண்ட் பேனாவால பட்டை மேலயே நேரத்தை எழுதிடுறேன். அப்பாவுக்கு அது சிரிப்பு. "அன்னிக்குக் குயவன் எழுதினான், இன்னிக்கு நீ எழுதுற"ங்கிறார்.