தோல்வியை மறைத்த போர் அறிவிப்புகள்: உங்களைக் குடைந்துகொண்டே இருப்பது எது?

குன்னூர் குளிர்:
ஊட்டியில், 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் நம் தரைப்படைக்குத் தளபதியாக இருந்த மானெக்‌ஷாவின் கல்லறையைப் பார்க்க வந்த காலேஜ் பையன் கேட்டது இது. "சார், 93,000 பேர் சரணடைஞ்சதை அன்னிக்குப் பாகிஸ்தான் ரேடியோ எப்படிச் சொல்லுச்சு?"
1971 டிசம்பர் 16. அறிவிப்பின் சாரம்: இரு தரப்பு உள்ளூர்த் தளபதிகளுக்குள் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி கிழக்கில் சண்டை நின்றுவிட்டது, இந்தியப் படை டாக்காவுக்குள் வந்திருக்கிறது. அவ்வளவுதான். நிறுத்தியது யார்? மழை நின்ற மாதிரி நின்றிருக்கிறது! 'ஏற்பாடு' தோற்றவனையும் ஜெயித்தவனையும் ஒரே பாயில் உட்கார வைக்கிறது. 'உள்ளூர்' பழியை டாக்காவோடு முடித்து, ராணுவத் தலைமையகம் இருந்த ராவல்பிண்டியைக் காப்பாற்றுகிறது. அன்று மாலை பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் பேச்சிலும் ஒரு முனையில் பின்னடைவு, போர் தொடரும் என்றுதான். மறுநாளே போர்நிறுத்தத்துக்கு ஒத்துக்கொண்டார். 20ஆம் தேதி பதவியும் போச்சு.

கூடலூர் லயம்:
எங்க பக்கம், சிலோன்ல இருந்து தாயகம் திரும்புன குடும்பங்கள்ல, ரம்மியில தோத்தவன் சீட்டைக் கவுத்துட்டுச் சொல்ற வார்த்தை "தந்திரோபாயப் பின்வாங்கல்". இலங்கைப் போர்ல ராணுவம், புலிகள்னு ரெண்டு தரப்பு அறிக்கையிலயும் அடிபட்ட சொல். 2000 ஏப்ரல் 22 ஆனையிறவு ராணுவ முகாம் புலிகள்கிட்ட விழுந்தப்போ கொழும்பும் அதைப் பின்வாங்கல்னுதான் சொல்லுச்சு. உள்ள நடந்தது வேற. இயக்கச்சிக் கிணறுகள் கைவிட்டுப் போச்சு, முகாமுக்குக் குடிதண்ணி இல்லை.
நிஜமாவே திட்டமிட்ட பின்வாங்கலும் உண்டு. பீரங்கி கூட வந்துச்சா, அங்கேயே நின்னுச்சான்னு கேளுங்க. திட்டம் போட்டுக் கிளம்புறவன் கனரக ஆயுதத்தை முதல்ல நகர்த்துவான். ஆனையிறவுல பீரங்கிகள் எதிரி கைக்குப் போச்சு. 1940ல பிரான்ஸ் கடற்கரை டன்கர்க்ல இருந்து பிரிட்டன் தப்பிக்க வச்ச 3,38,226 பேர் கரை சேர்ந்தாங்க, பீரங்கியும் லாரியும் பிரான்ஸ்லயே நின்னுச்சு.

வெலிங்டன் வாத்தியார்:
குன்னூர்க்காரர் சொல்லிலேயே நிற்கிறார். சொல்லாமல் விடுவதுதான் பெரிய வித்தை. முதல் உலகப் போரில் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. அடுத்த மாதம் 27ஆம் தேதி அயர்லாந்து அருகே கண்ணிவெடியில் மூழ்கியது பிரிட்டனின் 'ஆடேஷியஸ்' போர்க்கப்பல். 'ஒலிம்பிக்' கப்பல் பயணிகள் பக்கத்திலிருந்து போட்டோவே எடுத்துவிட்டார்கள். லண்டன் ஒத்துக்கொண்டது 1918 நவம்பர் 14, போர் முடிந்து மூன்று நாள் கழித்து.
ஆனால் எல்லா மறைப்பும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரில், 1941 நவம்பர் 25இல் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'பார்ஹம்' சேதியை இரண்டு மாதம் வெளியிடாததற்குக் காரணம் இருந்தது. அது மூழ்கியது ஜெர்மானியருக்கே உறுதியாகத் தெரியாது.

கோத்தகிரி கேத்தி:
பசிபிக்கில் அமெரிக்காவிடம் ஜப்பான் தோற்ற மிட்வே கடற்போரை யாரும் சொல்லவில்லையே. 1942 ஜூன் 10 டோக்கியோ அறிவிப்பில் ஒரு விமானந்தாங்கி போச்சு, ஒன்று பலத்த சேதம். போனது நான்கு: அகாகி, காகா, சோரியு, ஹிரியு. காயப்பட்டவர்களை ராத்திரியில் கரையிறக்கி, ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசவிடாமல் வைத்தார்கள்.
கேட்காமலே ஒரு யோசனை சொல்கிறேன். அறிக்கை படிக்கும்போது வெற்றி எண்ணிக்கையை விடுங்கள், ஊர்ப் பெயர்களைத் தேதி போட்டு எழுதுங்கள். ஜப்பான் அறிவிப்புகளில் வரிசையாக வந்த பசிபிக் தீவுகள்: குவாடல்கனால், சைபான், லேட்டே, ஒகினாவா. ஒவ்வொரு 'வெற்றி'யும் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது. அடுத்து வினைச்சொல். குவாடல்கனாலிலிருந்து ஓடியதற்கு 1943 பிப்ரவரியில் 'டென்ஷின்' என்றார்கள், அதாவது திசை மாறி முன்னேறுதல். மூன்றாவது, பொய்யை யார் நம்பினார்கள் என்று பாருங்கள். 1944 அக்டோபரில் ஃபார்மோசா (இன்றைய தைவான்) அருகே 11 அமெரிக்க விமானந்தாங்கிகளை மூழ்கடித்ததாக அறிவிப்பு. ஒன்றுகூட மூழ்கவில்லை. இருட்டில், அனுபவமில்லாத விமானிகள், எரிந்து விழுந்த தங்கள் விமானத்தையே எரியும் கப்பல் என்று எண்ணியிருக்கிறார்கள். கடற்படைக்குப் பிறகு உண்மை புரிந்தது, தரைப்படையிடம் சொல்லவில்லை. அதை நம்பித்தான் பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் நடத்தவிருந்த பெரும்போரைத் தரைப்படை லேட்டேவுக்கு மாற்றிப் படைகளை அங்கே கொட்டியது.

வெலிங்டன் வாத்தியார்:
ஊர்ப் பெயர் முறை, ரஷ்யாவில் ஜெர்மன் படை தோற்ற ஸ்டாலின்கிராடில் பலிக்காது. அங்கே ஊர் போனதை மறைக்கவே இல்லை. 1943 பிப்ரவரி 3 ஜெர்மன் அறிவிப்பு கடைசி வீரன்வரை போரிட்டு மடிந்தார்கள் என்றது. மூன்று நாள் துக்கம், தியேட்டர்கள் மூடல். உயிரோடு பிடிபட்டவர்கள் ஏறக்குறைய 91,000, ஃபீல்டு மார்ஷல் பவுலுஸ் உட்பட. கைதிகள் எழுதிய அட்டைகளைக் குடும்பங்களுக்குத் தரவில்லை. மகன் பெயர் வருகிறதா என்று தாய்மார்கள் ராத்திரியில் கதவைச் சாத்தி, தடைசெய்யப்பட்ட மாஸ்கோ ரேடியோவைக் கேட்டார்கள்.